வாசகர் கேள்வி: செவ்வாயா, சுவாதியா?

கேள்வி: மே மாதத்தில் இரவு எட்டு மணி வாக்கில் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. நான் செவ்வாய் என்கிறேன். மகளோ செல்போனைக் காட்டி ‘ஆர்க்டூரஸ்’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. வருத்தப்படாதீர்கள், இதே தப்பை நான் கூட்டம் கூட்டி வைத்துச் செய்திருக்கிறேன். 2014 ஏப்ரலில் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்து, சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. அன்று மேகம். ஓர் இடைவெளியில் ஆரஞ்சாக ஏதோ தெரிந்ததுமே தொலைநோக்கியைத் திருப்பி, “செவ்வாய் வந்தாச்சு, வாங்க” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டேன். மூன்று பேர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாலாவதாக வந்த சிறுமி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “சார், செவ்வாய்னா உருண்டையால்ல தெரியணும்? இது வெறும் புள்ளியா இருக்கே?” குனிந்து பார்த்தேன். ஆர்க்டூரஸ்!

அன்றிலிருந்து நிறத்தை நம்புவதில்லை, வழியைத்தான் நம்புகிறேன். சப்தரிஷி மண்டலத்தை ஒரு கரண்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பு வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் முதலில் தட்டுப்படும் பிரகாசமான நட்சத்திரம் ஆர்க்டூரஸ். இன்னும் நீட்டினால் சித்திரை. நம்மவர்கள் சுவாதி என்று சொல்வது இந்த ஆர்க்டூரஸைத்தான். பழைய தமிழில் சோதி. வானத்தின் வடபாதியில் இதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது.

நிறத்தை ரசிக்க ஒரு உபாயம் உண்டு. பைனாகுலரில் ஆர்க்டூரஸைப் பிடித்து, ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலையுங்கள். புள்ளி விரிந்து சின்ன வட்டாகும். அப்போது அந்த ஆரஞ்சு தேனைப் போலத் தெரியும். அதே மாதிரி சித்திரையையும் பார்த்தால் நீலம் பாய்ந்த வெள்ளை. உலையில் வைத்த இரும்பு சூடேற ஏறச் சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிறதே, அதே கணக்குதான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின் என்றால் ஆர்க்டூரஸ் ஏறக்குறைய 4,300தான். எடை சூரியனைவிடச் சற்றே அதிகம். ஆனால் மையத்து ஹைட்ரஜன் தீர்ந்துபோனதால் உடம்பு ஊதி, சூரியனைப் போல 25 மடங்கு அகலமாகிவிட்டது. சூட்டில் குறைந்தாலும் பரப்பு பெரிது. அதனால்தான் 37 ஒளியாண்டு தள்ளி இருந்தும் இத்தனை பளிச்.

கேள்வி: இது எந்த மண்டலத்தில் இருக்கிறது?

பதில்: பூட்டீஸ். கிரேக்கர்களுக்கு மாடோட்டி; எனக்கு ஒரு காற்றாடி, அதன் வால் கட்டும் முனையில் ஆர்க்டூரஸ். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘கரடிக் காவலன்’ என்று பொருள், பக்கத்திலேயே பெருங்கரடி மண்டலம் இருப்பதால்.

கேள்வி: நிலா தங்கும் 27 நட்சத்திரங்களில் சுவாதியும் ஒன்று என்கிறார்கள். ஆனால் நிலாவை அதன் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லையே?

பதில்: பார்க்கவும் முடியாது! நிலா போகும் பாதைக்கு வடக்கே சுமார் 30 பாகை தள்ளி இருக்கிறது சுவாதி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்துப் பாகை. அப்படி மூன்று முஷ்டி தூரம். சித்திரையை நிலா சில சமயம் மறைத்துக்கொண்டே போகும், அவ்வளவு நெருக்கம். நிலா அன்று பாதையின் எந்தத் துண்டில் இருக்கிறது என்பதற்கு அடையாளப் பெயர்தான் சுவாதி. பாதையோரம் கண்ணில் படுகிற பெரிய வெளிச்சம் இல்லாததால் தூரத்து விளக்கைக் கைகாட்டியாக வைத்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: நட்சத்திரங்கள் நகராது என்றுதானே படித்தோம்? ஆர்க்டூரஸ் நகர்கிறது என்கிறானே என் நண்பன்?

பதில்: நண்பர் சரியாகப் படித்திருக்கிறார். 1718இல் எட்மண்ட் ஹாலி (ஆமாம், வால்நட்சத்திர ஹாலியேதான்) பழங்காலக் கிரேக்க வானியலாளர் தாலமியின் நட்சத்திரப் பட்டியலை எடுத்துத் தன் காலத்து வானத்தோடு ஒப்பிட்டார். ஆர்க்டூரஸ், சிரியஸ், ரோகிணி மூன்றும் பழைய இடத்தில் இல்லை. தாலமி தப்பாக அளந்துவிட்டார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஹாலி அப்படிச் செய்யவில்லை, நட்சத்திரங்களே நகர்ந்திருக்கின்றன என்றார். இடைப்பட்ட சுமார் 1,600 ஆண்டுகளில் ஆர்க்டூரஸ் நகர்ந்தது இரண்டு முழுநிலா அகலம். இன்றும் அதே வேகம்தான்: 800 ஆண்டுக்கு ஒரு நிலா.

சூரியனும் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களும் பால்வெளியின் தட்டில் ஏறத்தாழ ஒரே போக்கில் சுற்றிவருகின்றன. ஆர்க்டூரஸ் வயதானது, அதன் போக்கு வேறு. நம் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சூரியனை வைத்துப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில் பாய்கிறது. இன்னும் சுமார் 4,000 ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும், பிறகு விலகத் தொடங்கும். போகும் திசை தெற்கே, கன்னி ராசிப் பக்கம். அதாவது, கரண்டிக் காம்பின் வளைவில் நான் சொன்ன வழியும் ஒரு காலத்தில் செல்லாமல் போகும்.