பைத்தான் இன்ஸ்டால் செய்யவே மூன்று நாளாக எரர் வருகிறது. எனக்கு புரோகிராமிங் வராதா?

கேட்டிருக்கும் தம்பிக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, இப்போது சேலத்தில் பி.சி.ஏ. முதலாண்டு. பைத்தான் என்பது புரோகிராம் எழுதும் மொழி. கறுப்பு ஜன்னலில் (கமாண்ட் பிராம்ப்ட்) 'பைத்தான்' என்று அடித்தால் ஒருமுறை மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறந்துகொள்கிறதாம், இன்னொரு முறை 'நாட் ரெகக்னைஸ்டு' என்கிறதாம். நம்பை (கணக்குக்கான பைத்தான் துணைப் பொட்டலம்) போட்ட பிறகும் 'நோ மாட்யூல்' என்கிறதாம். நான்கு முறை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இன்னும் புரோகிராமிங் ஆரம்பிக்கவே இல்லை. மூன்று நாளாகச் செய்துகொண்டிருப்பது குடிபோகிற வேலை. வீடு மாற்றும்போது பீரோ வாசற்படியில் மாட்டிக்கொண்டது என்பதற்காக 'நமக்குக் குடித்தனமே வராது போல' என்று யாரும் உட்கார்ந்து அழுவதில்லை.

அடுத்து அந்த நான்கு முறை. எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில், அப்பா தறிக்காரர். பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஓர் இழை அறுந்தால் தறியையே பிரித்துப் போட்டுப் புதுப் பாவு பூட்டமாட்டார். விரலால் தடவி, அறுந்த இழையைப் பிடித்து, ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மிதிப்பார். அதைப் பார்த்தே வளர்ந்த நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒவ்வொரு இழைக்கும் பாவு முழுவதையும் அறுத்தேன். இதில் கெடுதலும் இருக்கிறது. ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கியது, ஒருமுறை ஸ்டோரிலிருந்து வந்தது, ஒருமுறை நண்பனின் பென் டிரைவிலிருந்து போட்டது என்று சேர்ந்து, எத்தனை பைத்தான் உள்ளே குடியிருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போய்விடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் லேப்டாப்பில் நடந்திருப்பது இதுதான்.

எரர் வந்தால் நான் முதலில் பார்ப்பது, பேசுவது யார் என்று. திரையில் சிவப்பாக எது வந்தாலும் 'கம்ப்யூட்டர் திட்டுகிறது' என்று எடுத்துக்கொள்வோம். உள்ளே பேசுகிற ஆட்கள் நான்கைந்து பேர். ஆளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

'நாட் ரெகக்னைஸ்டு ஆஸ் ஆன் இன்டெர்னல் ஆர் எக்ஸ்டெர்னல் கமாண்ட்' என்று சொல்வது விண்டோஸ். பைத்தானுக்கு நீங்கள் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. விண்டோஸிடம் 'பாத்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீங்கள் ஒரு பெயரை அடித்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலும் அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களிலும் மட்டும்தான் வரிசையாகத் தேடும். வேறு எந்தத் தெருவுக்கும் போகவே போகாது. பைத்தான் இன்ஸ்டாலரின் முதல் பக்கத்தில், கீழே, 'ஆட் பைத்தான் டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நாமாக டிக் செய்தால்தான் உண்டு. எல்லோரும் அதைத் தாண்டிப் பெரிய பட்டனுக்குத்தான் போவோம். இப்போதும் அழிக்க வேண்டாம். அதே இன்ஸ்டாலரைத் திறந்து 'மாடிஃபை' போனால், இரண்டாவது பக்கத்தில் சூழல் மாறிகளில் ('என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்') சேர்ப்பதற்கான கட்டம் இருக்கும். டிக் செய்த பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய ஜன்னல் பழைய பட்டியலையே கையில் வைத்திருக்கும். இது தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்தேன்.

ஸ்டோர் திறப்பதற்குக் காரணம் வேறு. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 'பைத்தான்' என்ற பெயரில் ஒரு பொம்மைக் கோப்பை மைக்ரோசாப்ட்டே வைத்திருக்கிறது. நிஜ பைத்தான் கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மை உங்களை ஸ்டோருக்குக் கூட்டிப்போகும். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்' என்று தேடி, பைத்தான் பெயரில் இருக்கும் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இனி 'நோ மாட்யூல் நேம்டு நம்பை'. இதைச் சொல்வது பைத்தான். அதாவது பைத்தான் உயிரோடுதான் இருக்கிறது, நம்பையைத்தான் காணோம் என்கிறது. பொட்டலங்களை இறக்கி மாட்டுகிற கருவியான பிப்பைக் கேட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சாதிக்கும். இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒரே தெருவில் இரண்டு செல்வம் இருந்தால் தபால் எந்தச் செல்வத்துக்குப் போகும்? பிப் ஒரு பைத்தான் வீட்டில் பார்சலை இறக்கிவிட்டது, நீங்கள் இன்னொரு பைத்தான் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'வேர் பைத்தான்' ('வேர்' என்பது 'எங்கே' என்ற ஆங்கிலச் சொல்) என்று அடியுங்கள். எத்தனை வரி வருகிறதோ, பாத் பட்டியலில் அத்தனை வீடு. (விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் அடித்தால் ஒன்றும் வராது. அங்கே 'வேர்' என்ற சொல்லுக்கு வேறு வேலை. அதைப் பார்த்து 'பைத்தானே இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.) வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்று அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் நம்பை' என்று அடித்தால், கூப்பிட்ட பைத்தானின் வீட்டிலேயே பார்சல் இறங்கும். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் எழுதுகிறீர்கள் என்றால், எந்த பைத்தானை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கீழ் ஓரத்தில் காட்டும். அதைக் கிளிக் செய்து நம்பை இறங்கிய வீட்டையே தேர்ந்தெடுங்கள்.

இதிலேயே இன்னும் இரண்டு வேடிக்கை உண்டு. நம்பை பழகுகிறோமே என்று உங்கள் கோப்புக்கே 'நம்பை' என்று பெயர் வைத்தால், பைத்தான் நிஜ நம்பையை விட்டுவிட்டு உங்கள் கோப்பைத்தான் முதலில் எடுக்கும். அப்புறம் வருகிற எரருக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. இன்னொன்று, சில மாட்யூல்களுக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் ஒன்று. நிரலுக்குள் 'சிவி2' என்று கூப்பிடுவதை, இன்ஸ்டால் செய்யும்போது 'ஓப்பன்சிவி-பைத்தான்' என்றுதான் கேட்க வேண்டும். 'பிஐஎல்' என்பதன் கார்டுப் பெயர் 'பில்லோ'. ஏறக்குறைய இருக்கும் பெயரைக் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். தட்டச்சுப் பிழைக்கென்றே காத்திருக்கும் போலிப் பொட்டலங்களும் பிப் இறக்குகிற இடத்தில் உண்டு.

பிப் பேசினால் இரண்டு பக்கத்துக்குச் சிவப்பு ஓடும். பைத்தானின் எரரில் கடைசி வரிதான் முக்கியம், மேலே இருப்பதெல்லாம் அங்கே வந்துசேர்ந்த வழி. பிப்பில் அப்படி இல்லை. கடைசியில் 'எக்ஸிட் கோடு 1' என்று கையை விரிப்பதோடு நின்றுவிடும், காரணம் மேலே எங்கோ கிடக்கும். மேல்நோக்கிப் போய் 'எரர்' என்று தொடங்கும் வரிகளில் காரணம் சொல்கிற வரியைப் பிடியுங்கள். அங்கே 'மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை' என்று இருந்தால், உடனே அந்தப் பல ஜிபி கருவியை இறக்க ஓடாதீர்கள். உங்கள் பைத்தான் பதிப்புக்குத் தயார்நிலைப் பொட்டலம் கிடைக்காததால், பிப் மூலநிரலிலிருந்து அதை இங்கேயே சமைக்கப் பார்க்கிறது, அடுப்பு இல்லை என்கிறது. பெரும்பாலும் நீங்கள் போட்டது போன வாரம் வந்த புத்தம்புது பைத்தானாக இருக்கும், அல்லது 64-பிட் இயந்திரத்தில் 32-பிட் பைத்தானாக இருக்கும். ஒரு பதிப்பு பின்னால் போனாலே பல நேரம் சரியாகிவிடும். புதிது எப்போதும் நல்லது என்பது செல்போன் வாங்குவதற்கு வேண்டுமானால் பொருந்தும். உங்களுடையது விண்டோஸ் 7 என்றால் பைத்தான் 3.8-தான் கடைசி, 3.9 அதில் ஏறாது.

'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்டு' என்பது பவர்ஷெல்லின் காவல் விதி. ஆரம்பத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டையே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. 'இன்வேலிட் சின்டாக்ஸ்' வந்தால் வரியின் முன்னால் >>> இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் பைத்தானுக்கு உள்ளே நின்றுகொண்டு பிப்பைக் கூப்பிடுகிறீர்கள். வெளியே வந்து கூப்பிடுங்கள்.

நெட்வொர்க் பேசுவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். என் கதையையே சொல்கிறேன்.

2016-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். பைத்தான் ஏறிவிட்டது. பிப் மட்டும் எதைக் கேட்டாலும் 'சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' என்றது. பிரவுசரிலும் பாதித் தளங்கள் திறக்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் நெட், அதனால் சிக்னல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வந்தேன். பைத்தானை ஐந்து முறை மாற்றிப் போட்டேன். ஏதோ ஒரு பதிவில் சான்றிதழ் சோதனையையே அணைக்கச் சொல்லியிருந்தார்கள், அதையும் செய்தேன். (நீங்கள் செய்யாதீர்கள். வாசலுக்குப் பூட்டு மாட்டச் சிரமமாக இருக்கிறதென்று கதவைக் கழற்றிவைக்கிற வேலை அது.)

பத்து நாள் ஆகியிருக்கும். அப்பா கூலிக் கணக்கு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டில் போடத் தேதிக்காகத் திரையின் மூலையைப் பார்த்தவர், "ஏங்கண்ணு, இதுல 2009-ன்னு இருக்குது?" என்றார். இங்கிலீஷ் படிக்கமாட்டார், எண்தான் தெரியும். நான் பத்து நாளாக அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மூலையைப் பார்க்கவில்லை.

மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. அது செத்துப்போனால், ஒவ்வொரு முறை சுவிட்சை அணைக்கும்போதும் தேதி பழைய ஏதோ ஒரு ஜனவரிக்குப் போய்விடும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2016-ல் கொடுத்த சான்றிதழை 2009-ல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிடம் நீட்டினால், இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஆதாரா என்று திருப்பி அனுப்பத்தானே செய்யும். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பேட்டரி வாங்கிவந்து மாட்டி, தேதியைத் திருத்தினேன். அதே பிப் அரை நிமிடத்தில் வேலையை முடித்தது. அணைத்துவைத்த சோதனையையும் மறுபடி போட்டேன்.

உங்கள் லேப்டாப்பும் பழையது என்கிறீர்கள், மழைக்காலத்தில் மலையில் கரண்ட் படுத்துகிற பாடும் தெரியும். தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்ததால் எரர் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் தமிழ்வழிதான். எரரில் வருகிற இங்கிலீஷ் கதைப்புத்தக இங்கிலீஷ் இல்லை, இருபது இருபத்தைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நாட் ஃபவுண்ட் என்றால் தேடினேன், இல்லை. டினைட் என்றால் இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை. ரிக்வையர்டு என்றால் இது இருந்தால்தான் நடக்கும். டைம்டு அவுட் என்றால் காத்திருந்தேன், பதில் வரவில்லை. எக்ஸ்பெக்டட் என்றால் இங்கே வேறொன்றை எதிர்பார்த்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தேன், பாதிகூட நிரம்பவில்லை. இணையத்தில் தேடும்போது எரர் வரியில் உங்கள் பெயரும் ஃபோல்டர் பெயரும் வரும் பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் போடுங்கள். உங்கள் பெயரோடு தேடினால் உலகத்தில் வேறு யாருக்கும் அந்த எரர் வந்திருக்காது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருக்கிறீர்களா? ஆசையாகத்தான் இருக்கும், நானும் வைத்தேன். பைத்தான் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஆனால் நாளைக்கு போன் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போடப்போனால், ஃபோல்டர் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும். சி டிரைவில் ஆங்கிலப் பெயரில், நடுவில் இடைவெளி இல்லாமல், வேலைக்கென்று ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகலூரில் நெட் இழுக்கவில்லை என்றால் அங்கே உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம். பைத்தான் இன்ஸ்டாலர் 30 எம்பிக்குள்தான் இருக்கும், பைத்தானோடு பல பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டிய அனகோண்டாவைப் போடச் சொன்னார்கள் என்று கிட்டத்தட்ட ஒரு ஜிபியை இழுக்காதீர்கள். கல்லூரி லேபில் 'பைத்தான் -எம் பிப் டவுன்லோட் நம்பை' என்று அடித்தால், இன்ஸ்டால் செய்யாமல் பொட்டலத்தை மட்டும் இறக்கித் தரும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீட்டில் அந்த ஃபோல்டருக்குள் நின்று, 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்=. நம்பை' என்று அடித்தால் நெட்டே இல்லாமல் ஏறும். சமக்குறிக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள், 'இந்த ஃபோல்டர்' என்று அர்த்தம். லேபிலும் வீட்டிலும் ஒரே பைத்தான் பதிப்பாக இருக்க வேண்டும், இரண்டும் 64-பிட்டாக இருக்க வேண்டும். லேபில் 3.11 என்றால் வீட்டிலும் 3.11.

இன்றைக்கு எதையும் அழிக்காமல் 'வேர் பைத்தான்', 'பைத்தான் --வெர்ஷன்', 'பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்' மூன்றையும் அடித்து, வருவதை அப்படியே காப்பி செய்து கீழே ஒட்டுங்கள். ஃபோட்டோ வேண்டாம். ஸ்க்ரீனைப் போனில் எடுத்தால் கோடுகோடாகத்தான் விழுகிறது, ஒன்றையும் படிக்க முடிவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன்.