பார்டினி எஸ்பி: எடைச் சோதனையில் ட்ரிகர் தவறுவது ஏன்?

பார்டினி எஸ்பி ஒரு .22 போட்டிப் பிஸ்டல். அதன் ட்ரிகர் எடை, அதாவது ட்ரிகர் விடுபடத் தேவையான எடை, வீட்டில் சரியாக 1000 கிராம் காட்டிவிட்டு, போட்டிச் சோதனையில் மட்டும் தவறுகிறது என்றால், பெரும்பாலும் துப்பாக்கியில் குறை இருக்காது. 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கு 1000 கிராம்தான் குறைந்தபட்ச வரம்பு. விளிம்பிலேயே வைத்தால் சின்ன மாற்றம் போதும், கவிழ்த்துவிடும். 1040, 1050-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலியா என்று பார்த்துவிட்டு, குழலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். எடை ட்ரிகரின் நடுவில் தொங்க வேண்டும். நுனிக்குச் சறுக்கினால் நெம்பு நீண்டு, குறைந்த எடைக்கே விடுபடும்.

இந்த ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும்: முதலில் தளர்வான இழுப்பு, பிறகு சுடும் இழுப்பு. கூட்டும் எடையை முதல் கட்டத்திலேயே சேருங்கள். இரண்டாம் கட்டம் கனத்தால் விரல் குழலைத் தள்ளும். வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழே போகும். விடுபடல் இன்னும் துல்லியமாக வேண்டுமென்று சியர் (சுத்தியலைப் பிடித்து வைத்து, ட்ரிகர் இழுத்ததும் விடும் கொக்கி) பிடிப்பை மட்டும் குறைக்காதீர்கள். ஒரே அழுத்தலில் இரண்டு குண்டு பாயும் ஆபத்து உண்டு.