விமானத்துக்குப் பயந்து காரில் போகலாமா?

கேள்வி: அகமதாபாத் விபத்துக்குப் பிறகு அம்மா விமானத்தில் ஏறவே மறுக்கிறார். மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி காரிலேயே போய்விடலாம் என்கிறார். எது பாதுகாப்பு?

விமானம்தான். அம்மாவின் பயம் புரிகிறது. 2025 ஜூன் 12 அன்று 260 பேர் உயிர் போன காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஆனால் ஒரு கணக்கு போடுவோம். மங்களூரு விமான விபத்து, 2010: 158 பேர். கோழிக்கோடு, 2020: 21 பேர். அகமதாபாத்தையும் சேர்த்தால் 439. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491. அதாவது ஒரு நாளைக்கு 461 பேர்! அந்த மூன்று விபத்துகளிலும் போன உயிர்களைவிட, சாலையில் ஒரே நாளில் போவது அதிகம். சாலையில் போகிறவர்கள்தானே அதிகம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தாலும் விமானம்தான் பல மடங்கு பாதுகாப்பு.

கொலைக்கும் நாம் நிறையப் பயப்படுகிறோம். அதே ஆண்டில் பதிவான கொலை வழக்குகள் 28,522. சாலை பறித்தது அதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

காரில்தான் போவது என்றால் ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் டிரைவருக்குக் கண் சொருகும். அப்புறம் பின்சீட்டு. நம் கார்கள் பலவற்றில் சீட் கவர் போடும்போது பெல்ட் கொக்கி அடியில் போய்ப் புதைந்துவிடும். வருடக்கணக்கில் யாரும் தேடுவதும் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாளே கையை விட்டு அதை வெளியே எடுத்து, 'கிளிக்' என்று மாட்டுகிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பால்கர் அருகே பாலத்தில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அது விலை உயர்ந்த பென்ஸ் கார்.

பயம் தீரவே இல்லையா, அம்மாவை ரயிலில் கூட்டிப்போங்கள். அதுவும் காரைவிட எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுபோய் விடுவதானால் அம்மாவுக்கும் ஹெல்மெட் கொடுங்கள். 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டுமே ஐம்பதாயிரம் பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. தலையில் வைத்தால் மட்டும் போதாது, தாடைக்குக் கீழே வாரை மாட்டிவிட வேண்டும்.