டகோமாவில் டிஆர்டி ஸ்போர்ட் வாங்கலாமா, டிஆர்டி ஆஃப்-ரோடு வாங்கலாமா?

டெக்சாஸில் இருக்கிறீர்கள், தினமும் ஆபீஸுக்கு ஓட்டப்போகிறீர்கள், எப்போதாவது கேம்பிங், பார்த்து வைத்திருப்பது 2016-லிருந்து 2023 வரை வந்த டொயோட்டா டகோமா பிக்கப், அதுவும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ், அதன் டிஆர்டி ஸ்போர்ட், டிஆர்டி ஆஃப்-ரோடு என்ற இரண்டு மாடலும் ஏறக்குறைய ஒரே விலை. இவ்வளவும் கேள்வியிலேயே இருப்பதால் நேராகவே சொல்கிறேன், ஆஃப்-ரோடு எடுங்கள். காடு மலை என்று அலையாவிட்டாலும் அதுதான்.

ஸ்போர்ட் என்ற பெயரைப் பார்த்துப் பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிலும் அதே 3.5 லிட்டர் வி6, அதே 278 குதிரைத்திறன். பானட் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்கூப்பும் சும்மா அழகுக்குத்தான், அதன் வழியாக எஞ்சினுக்குள் காற்று எதுவும் போகாது. ஸ்போர்ட்டில் உருப்படியாகக் கிடைப்பது வண்டி நிறத்திலேயே பம்பர், 17 அங்குல வீல், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். ஹைவே ராம்ப்பில் வளைத்துத் திருப்பும்போது வண்டி குறைவாகச் சாயும், அது உண்மை.

ஆனால் தினசரி சவாரிக்கு ஆஃப்-ரோடுதான் சொகுசு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதில் வருவது 265/70 ஆர்16 டயர், ஸ்போர்ட்டில் 265/65 ஆர்17. வெளி விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஆஃப்-ரோடு டயரின் பக்கச்சுவர் சுமார் 185 மில்லிமீட்டர், ஸ்போர்ட்டில் 172. அந்தக் கூடுதல் ரப்பரும் பில்ஸ்டீன் கம்பெனி ஷாக் அப்சார்பரும் சேர்ந்து குழியையும் ஸ்பீடு பிரேக்கரையும் பாதி விழுங்கிவிடும். நான் ஓட்டுவது ஆஃப்-ரோடு, நண்பரின் ஸ்போர்ட்டையும் ஓட்டியிருக்கிறேன், அபார்ட்மென்ட் வாசல் பம்ப் ஏறும்போதே வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

அடுத்தது லாக்கர், இதுதான் முக்கியம். எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு பின்சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ மாட்டினால் அதுதான் வெறுமனே சுற்றும், பிடிப்புள்ள சக்கரம் பேசாமல் நிற்கும். ஸ்போர்ட் வண்டி, சுற்றும் சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடித்து ஓரளவு சமாளிக்கும். ஆஃப்-ரோடில் பட்டனை அழுத்தினால் இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே சுற்றும். மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் வீல் டிரைவ் கியரான 4-லோவில் மட்டும்தான் இந்த லாக்கர் வேலை செய்யும், காய்ந்த தார் ரோட்டில் தொடவே கூடாது. வீல், பம்பர், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் லாக்கரை வெளியில் போட வேண்டுமென்றால் பின் ஆக்சிலையே பிரிக்க வேண்டும், செலவு நல்லாவே இழுக்கும்.

எங்கே உதவும் என்று கேட்டால், உங்கள் ஊர்ப்பக்கமே பாட்ரே ஐலண்ட் நேஷனல் சீஷோர் இருக்கிறது. சவுத் பீச்சில் முதல் 5 மைல்வரை சாதா காரே போய்விடும், அதைத் தாண்டினால் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், மணல் அப்படி. அங்கே லாக்கருக்கும் முன்னால் டயர் காற்றைக் குறைப்பதுதான் முதல் வேலை, காற்றடிக்க ஒரு கம்ப்ரஸரும் எடுத்துப் போங்கள். பிக் பெண்ட் பார்க்கில் பராமரிப்பே இல்லாத பிளாக் கேப் ரோடு மாதிரி இடத்துக்குப் போக ஆசை வந்தால் லாக்கரின் அருமை தானாகப் புரியும்.

ஸ்போர்ட் நல்ல விலை குறைவாகக் கிடைத்தாலோ, ஹைவேயை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாலோ தாராளமாக அதையே வாங்குங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே எச்சரிக்கை, ஆஃப்-ரோடு ஸ்டிக்கர் இருப்பதால் மட்டும் அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. டூ வீல் டிரைவிலும் ஆஃப்-ரோடு வந்திருக்கிறது, தவிர ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். டாஷ்போர்டில் 4-லோவுக்குத் திருப்பும் ஸ்விட்ச் இருக்கிறதா, லாக்கர் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மண் தரையாகப் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் 4-லோ போட்டு லாக்கரை அழுத்தி, மெதுவாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். மீட்டரில் விளக்கு சிமிட்டிவிட்டு நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.