சித்தி மகளின் ஸ்டேட்டஸும் நம் தூக்கமும்

கேள்வி: கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். என் வயதுடைய சித்தி மகள் புது வீட்டுப் பால்காய்ப்புப் படங்களை ஸ்டேட்டஸில் வைத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நடிகைகளின் வீட்டைப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. இது பொறாமையா? (வாசகி, கருங்கல்)

அப்படிப் பெயர் வைத்து உங்களையே நோகடிக்காதீர்கள். மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை அளந்து பார்ப்பார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். நடிகை உங்கள் அளவுகோலில் இல்லை. ஒரே வயது, ஒரே குடும்பம் என்பதால் சித்தி மகள் இருக்கிறாள்.

‘அந்த வீட்டுக்கு எவ்வளவு கடனோ’ என்று ஆறுதல் தேடுவதும் ஒப்பீடுதான். அடுத்த படம் வரும்வரைதான் அது தாங்கும். வாட்ஸ்அப்பில் அவள் ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்து ‘மியூட்’ கொடுங்கள். அவளுக்குத் தெரியாது, உறவும் கெடாது. மனம் சுருங்கும் நேரங்களை இரண்டு வாரம் நோட்டில் குறியுங்கள்: மணி என்ன, எதைப் பார்த்தேன், உடம்பில் என்ன ஆனது, எனக்கு உண்மையில் எது வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘வீடு’ என்று எழுதத் தொடங்கி, ‘அவர் ஊருக்கு வரணும்’ என்று முடிப்பவர்கள் உண்டு. அப்படி வந்தால், அன்றைய போன் பேச்சில் அதையே அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கூடப் படித்தவர்களுக்கு மருத்துவ சீட் கிடைத்துவிட்டது. இன்ஸ்டாகிராமை அழிக்கிறேன், இரண்டே நாளில் மறுபடி ஏற்றிவிடுகிறேன். (மாணவர், தக்கலை)

அழிக்க வேண்டாம், அளவு வையுங்கள். 2018-இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ போய், செயலிக்கு 10 நிமிட டைமர் போடுங்கள். பெரும்பாலும் தோற்பது இரவில், படுக்கையில்தான். டைமரை நீக்க இரண்டு தட்டு போதுமே. அதனால் சார்ஜரை அடுக்களையில் வையுங்கள். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும்.

கேள்வி: லைக் குறைந்தால் படத்தையே நீக்கிவிடுகிறேன். (வாசகி, நாகர்கோவில்)

இன்ஸ்டாகிராமில் படத்தின் மேலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, லைக் எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். பதிவிட்ட பிறகு ஒரு மணி நேரம் திறக்காதீர்கள்.

கேள்வி: 16 வயது மகன் ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. போனைப் பிடுங்கி வைக்கலாமா? (தாய், குலசேகரம்)

பிடுங்காதீர்கள்; அவன் மனம் திறந்து பேசும் நண்பர்களும் அதில்தான் இருக்கலாம். சோர்வு, தூக்கக்கேடு, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416-இல் ‘டெலி மானஸ்’ என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சாகணும் என்று ஒரு முறை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே போங்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா மக்களே?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.