லாட வடிவச் சீன நாற்காலி: கைச்சட்டத்தில் ஆணி வேண்டாம்

முதுகும் கையும் ஒன்றாக வளைந்து வரும் கைச்சட்டத்தின் மூட்டு ஆடுகிறது, எபாக்சி (கெட்டியாக இறுகும் ரசாயனப் பசை) ஊற்றலாமா, திருகாணி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம். அந்த மூட்டு கழற்றி மாட்டும்படி செய்தது. ஆப்பை இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்த வளைவு ஒரே மரமல்ல, 3 அல்லது 5 துண்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் இரு முனைகள் பாதிப்பாதியாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து, நுனியிலுள்ள சிறு நாக்குகள் எதிர்த் துண்டின் காடிக்குள் (செதுக்கிய பள்ளத்துக்குள்) போகும். நடுவில் ஒரு முனை சிறுத்த சதுர ஆப்பு இறங்கி இரண்டையும் பூட்டும். ஏசி அறையின் வறட்சியில் மரம் சுருங்கி ஆப்பு தளர்ந்திருக்கலாம்.

முதலில் இருக்கைச் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வளைவை அசையுங்கள். மூட்டில் கோடு திறந்து மூடினால் கோளாறு அங்கேதான். முழு முதுகும் சேர்ந்து ஆடினால் பின்கால்கள் இருக்கையைத் துளைத்துப் போகுமிடத்தைப் பாருங்கள், ஆப்பைத் தொடாதீர்கள்.

ஆப்பு தளர்ந்திருந்தால் அகன்ற முனையில் மரத்துண்டு வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள். சத்தம் கெட்டியானதும் நிறுத்துங்கள். ஓங்கி அடித்தால் நாக்கு பிளக்கும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. தேய்ந்த ஆப்புக்குப் பதிலாக அதே கடினமுள்ள மரத்தில், மர ரேகை (நார் ஓட்டம்) ஆப்பின் நீளவாக்கில் வருமாறு புதியது செதுக்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பசை தேவைப்பட்டால் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) மட்டும். பிறகு கழற்ற வேண்டுமானால் சூடும் ஈரமும் காட்டி அதை விடுவிக்கலாம்.

முன்பே யாராவது எபாக்சி வைத்திருந்தால் இது எதுவும் பலிக்காது. மூட்டில் பளபளப்பான பசை விளிம்பு தெரிந்தால் தட்டாமல் பழைய மரச்சாமான் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.