தோட்டத்து ஓடையில் கிடந்த எலும்பு: காட்டுமாடா, வீட்டுமாடா?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஓடையில் மண்டையோடும் முதுகெலும்புத் துண்டுகளும் கிடந்தன, காட்டுமாடா வீட்டுமாடா என்று கேட்டிருந்தீர்கள்.

கால் எலும்பை விடுங்கள், அதை வைத்து நம்மால் சொல்ல முடியாது. மண்டையைப் பாருங்கள். காட்டுமாட்டுக்கு இரண்டு கொம்புக்கும் நடுவே உச்சியில் எலும்பு மேடுபோல எழும்பி நிற்கும். அதற்குக் கீழே நெற்றி குழிந்திருக்கும். கொம்பு போயிருந்தாலும் உள்ளே இருந்த எலும்புக் குச்சி இருக்குமே, அதன் அடிப்பகுதி தட்டையான முட்டை வடிவமாக இருக்கும். நாட்டுமாட்டுக்குப் பெரும்பாலும் உருண்டைதான். முக்கோணமாகத் தெரிந்தால் எருமை. நீலகிரியில் தோடர் எருமைகளும் உண்டு, மறக்க வேண்டாம்.

அப்புறம் முதுகெலும்பு. காட்டுமாட்டின் முதுகு மேடு வெறும் சதை இல்லை. தோள் தொடங்கி நடுமுதுகு வரை ஒவ்வொரு கணுவிலிருந்தும் நீளமான எலும்பு வாள்போல மேலே நிற்கும். நாட்டுமாட்டின் திமில் சதையும் கொழுப்பும்தான், செத்தபின் மிஞ்சாது. கத்தி வெட்டோ ரம்பக் கோடோ நேராகத் தெரிந்தால் கசாப்புக் கழிவாக இருக்கலாம்.

படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். ஆனால் வீட்டுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். காட்டுமாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; கொம்பை அலமாரியில் வைத்தாலும் வழக்குதான். அடைப்பான் நோயில் (ஆந்த்ராக்ஸ்; மனிதருக்கும் தொற்றும்) செத்ததாகவும் இருக்கலாம், வெறுங்கையால் தொட வேண்டாம். வனச்சரகர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.